பத்து கிராம் அடுப்பு... 3,500 கிலோமீட்டர் நடை!

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் நீல் கேப் என்றொரு மலைக் கணவாய். அங்கே 1930-களில் கட்டிய கல் கட்டடம் ஒன்றில் நடைபயணிகளுக்கான கடை இருக்கிறது. வாசலில் பெரிய மரம் ஒன்று இருந்தது. அதன் கிளைகளில் காய் காய்த்ததுபோல ஜோடி ஜோடியாகப் பழைய பூட்ஸ்கள் தொங்கின. கடையைத் தேடி யாரும் அலைய வேண்டாம். நடைபாதையே அந்தக் கட்டடத்தின் ஊடாகத்தான் போகிறது.

அப்பலாச்சியன் பாதை என்பது அதன் பெயர். ஜார்ஜியாவின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி, 14 மாநிலங்களைக் கடந்து, வடகோடியில் மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் மலையில் முடிகிறது. நீளம் சுமார் 3,500 கிலோமீட்டர். மார்ச், ஏப்ரலில் தெற்கே கிளம்புகிறவர்கள், பனிக்காலம் பிடிப்பதற்குள் வடக்கே போய்ச் சேர வேண்டும். ஐந்து முதல் ஏழு மாதங்கள் ஆகும்.

நீல் கேப் இதில் வெறும் 50-வது கிலோமீட்டர். ஆனாலும் பயணத்தைப் பாதியில் விடுகிறவர்களில் கொஞ்சம் பேர் இங்கேயே விட்டுவிடுகிறார்கள். ப்ளட் மவுன்டனில் ஏறி இறங்கி, முட்டி வலியோடு வந்து சேருகிறவர்கள் கடைத் தரையில் முதுகுப்பையைக் கொட்டிக் கவிழ்ப்பார்கள். எது வேண்டும், எது வேண்டாம் என்று கடைக்காரர்கள் பிரித்துக் கொடுப்பார்கள். கூடுதல் ஜீன்ஸ், தடிமனான புத்தகம், இரும்பு வாணலி எல்லாம் பார்சலில் வீட்டுக்குத் திரும்பும். முழுப் பாதைக்கும் சுமார் 50 லட்சம் காலடிகள் என்பார்கள். ஒவ்வொரு அடியிலும் ஒரு கிலோ கூடுதல் என்றால் முட்டி என்னாகும் என்று அதற்குள் புரிந்திருக்கும்.

அந்தக் குவியலில் பெரும்பாலும் ஒரு அடுப்பும் இருக்கும். பம்ப் அடித்துப் பற்றவைக்கும் பெட்ரோல் வகை ஸ்டவ். எரிபொருள் பாட்டிலோடு சேர்த்தால் அரைக் கிலோவை நெருங்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு பயணியோ, காலி குளிர்பானக் கேனில் செய்த ஒரு சின்ன வட்டத்தைப் பையிலிருந்து எடுத்து நீட்டுவார். எடை பத்து, பன்னிரண்டு கிராம். விலை? கேனுக்குள் இருந்த பானத்தின் விலைதான்.

சுமையைக் குறைக்கும் இந்தப் பித்துக்கு ஒரு முன்னோடி உண்டு. எம்மா கேட்வுட், 11 பிள்ளைகள் பெற்ற பாட்டி. 1955-ல் 67 வயதில் இந்தப் பாதையை ஒரே பருவத்தில் தன்னந்தனியாக நடந்து முடித்தார். அப்படிச் செய்த முதல் பெண் அவர்தான். காலில் கேன்வாஸ் ஷூ. தோளில் தானே தைத்த துணிப்பை. மழைக்குக் கூடாரம் இல்லை; குளியலறைத் திரை ஒன்றைத்தான் வைத்திருந்தார். உணவும் பெரும்பாலும் சமைக்காதது: உலர்திராட்சை, கொட்டைகள், டின்னில் அடைத்த சாசேஜ். 

ஆனால் எல்லோராலும் பாட்டி மாதிரி இருக்க முடியுமா? மழையில் எட்டு மணி நேரம் நடந்துவிட்டு வருகிறவருக்குச் சூடாக ஏதாவது வேண்டும். 1992-ல் ரே ஜார்டின் என்பவர், மேற்குக் கரையோரம் செல்லும் பசிபிக் க்ரெஸ்ட் பாதைக்கு ஒரு கையேடு வெளியிட்டார். விண்வெளித் துறையில் இன்ஜினீயராக இருந்த மலையேற்றக்காரர் அவர். பையில் உள்ள ஒவ்வொரு பொருளையும் நிறுத்துப் பார், குறைக்க முடிந்ததைக் குறை, முடிந்தால் நீயே செய்துகொள் என்பது அவர் கட்சி. அந்த எண்ணம் பரவியபோது அடுப்பும் தராசில் ஏறியது. 

பூனை சாப்பிட்டது போக...

ஸ்பிரிட்டில் எரியும் அடுப்பு புதிதல்ல. பள்ளி வேதியியல் லேபில் ஸ்பிரிட் விளக்கைப் பார்க்காதவர்கள் யார்? ஸ்வீடனின் டிராங்கியா நிறுவனம் 1950-களிலிருந்தே பித்தளையில் ஸ்பிரிட் அடுப்பு செய்து விற்கிறது. நல்ல அடுப்பு, பல ஆண்டுகள் உழைக்கும். ஆனால் அந்தப் பித்தளைக் கிண்ணம் மட்டுமே 110 கிராம். அதே தத்துவத்தை நடைபயணிகள் அலுமினியக் குப்பைக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான்.

இரண்டு குளிர்பானக் கேன்களின் அடிப்பாகங்கள்தான் மூலப்பொருள். கேனைக் கத்தரியால் வெட்டினால் ஓரம் கோணல்மாணலாகிவிடும். அதற்கு ஒரு யுக்தி வைத்திருக்கிறார்கள். தடித்த புத்தகத்தின் பக்கங்களுக்கு நடுவே பிளேடைச் செருகி, முனை மட்டும் வெளியே நீட்டியிருக்கும்படி வைப்பார்கள். அதன்மேல் கேனைச் சாய்த்து மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருந்தால் ஒரே உயரத்தில் கோடு விழும். பத்து, இருபது சுற்று சுற்றிவிட்டு விரலால் அழுத்தினால் கோட்டோடு பிரிந்து வரும். அப்படிப் பிரித்த ஓரம் பிளேடு மாதிரியே வெட்டும் என்பதால் கையுறை அவசியம்.

ஒரு அடிப்பாகம் எரிபொருள் நிற்கும் கிண்ணம். இன்னொன்றின் நடுவட்டத்தை வெட்டி எடுத்துவிட்டு, விளிம்பைச் சுற்றிக் குண்டூசியால் இருபது, முப்பது துளை போட்டால் அது மேல்மூடி. மிச்சமிருக்கும் கேன் தகட்டை நாடாவாக வெட்டி வளையமாக்கி உள்ளே நிறுத்தினால் இரட்டைச் சுவர் தயார். வளையத்தின் அடியில் மட்டும் இரண்டு மூன்று சின்ன வெட்டுகள். அவற்றின் வழியாக ஸ்பிரிட் சுவர்களுக்கு நடுவே கசிந்து போகும். மூடியைக் கிண்ணத்துக்குள் அழுத்திச் செருகினால் முடிந்தது.

பற்றவைத்ததும் முதலில் நடுக்குழியில் மட்டும் சோம்பலாக எரியும். அந்தச் சூட்டில் சுவர்களுக்கு நடுவே உள்ள ஸ்பிரிட் கொதிக்கத் தொடங்கும். எத்தனால் 78 டிகிரியிலும் மெத்தனால் 65 டிகிரியிலும் கொதித்துவிடும் என்பதால் அரை நிமிடம், ஒரு நிமிடம் போதும். கிளம்பிய ஆவி வெளியேற வழியின்றிக் குண்டூசித் துளைகள் வழியே பீறிடும். ஒவ்வொரு துளையிலும் ஒரு நீலச் சுடர். வீட்டு கேஸ் பர்னர் போலவே வட்டமாக எரியும். பம்ப் இல்லை, வால்வு இல்லை, அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை. இவ்வளவு மெல்லிய தகடு ஏன் உருகுவதில்லை? காகிதக் கோப்பையில் தண்ணீர் கொதிக்க வைத்தால் காகிதம் எரியாதே, அதே காரணம்தான். உள்ளே கொதிக்கும் ஸ்பிரிட் தகட்டின் சூட்டை வாங்கிக்கொண்டே இருக்கிறது.

இந்த அளவு தச்சுவேலைகூட முடியாதவர்களுக்கு இன்னும் எளிய வழி உண்டு. அங்கே பூனை உணவு 85 கிராம் அளவுள்ள சின்ன அலுமினிய டப்பாக்களில் விற்கிறது. டப்பாவைக் கழுவி, பேப்பர் பஞ்சால் விளிம்புக்குக் கீழே இரண்டு வரிசை ஓட்டை போட்டால் அடுப்பு. ஜிம் வுட் என்ற நடைபயணி இந்த வடிவத்தை எழுதி, படம் போட்டு, ‘சூப்பர் கேட்’ என்று பெயர் வைத்து எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். பாத்திரத்தை அதன் தலையிலேயே வைக்கலாம், தனி ஸ்டாண்ட் வேண்டாம். மேலே பாத்திரம் மூடிக்கொண்டதும் சுடர் பக்கவாட்டு ஓட்டைகளில் வெளியே வந்து அடியைத் தழுவும். வீட்டில் பூனை இல்லாதவர்களும் கடையில் பூனை உணவு வாங்க வந்து நிற்பது இதனால்தான்.

மஞ்சள் பாட்டில்

கேஸ் சிலிண்டர் அடுப்பைவிட இது மெதுவானது. கேஸ் மூன்று, நான்கு நிமிடத்தில் செய்வதற்கு இது ஏழு, எட்டு நிமிடம் எடுக்கும். எடைக்கு எடை பார்த்தால் எத்தனாலில் இருக்கும் வெப்பம் கேஸில் இருப்பதில் பாதியைவிடச் சற்று அதிகம். மெத்தனாலில் பாதிகூட இல்லை. பிறகு ஏன் இதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?

இந்தப் பாதை எப்படிப்பட்டது என்பதில்தான் பதில் இருக்கிறது. அப்பலாச்சியன் பாதையில் நான்கைந்து நாளுக்கு ஒருமுறை ஏதாவது ஒரு சாலை குறுக்கிடும். அதில் கொஞ்ச தூரம் போனால் ஒரு சிற்றூர். ஒரு பெட்ரோல் பங்க், ஒரு ஹார்டுவேர் கடை. மலையேற்ற கேஸ் சிலிண்டர் அங்கே கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் பெயின்ட் வேலைக்கான ஸ்பிரிட் ஹார்டுவேர் கடையில் இருக்கும். அதுவும் இல்லையென்றால் பெட்ரோல் பங்க்கில் ‘ஹீட்’ என்ற மஞ்சள் பாட்டில் இருக்கும். குளிரில் காரின் பெட்ரோல் குழாயில் நீர் உறையாமலிருக்க ஊற்றும் மெத்தனால் அது. அதே பெயரில் சிவப்பு பாட்டிலும் உண்டு. அதில் இருப்பது ஐசோபுரொப்பைல். எரியும், ஆனால் பாத்திரத்தைக் கரியாக்கிவிடும். ‘மஞ்சளை எடு, சிவப்பை விடு’ என்பது நடைபயணிகளின் பால பாடம். 

மெத்தனால் என்ற பெயரைத் தமிழ்நாட்டில் யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது அதுதான். கொஞ்சம் உள்ளே போனாலே பார்வை போகும், உயிரும் போகும். கையில் பட்டால் தோல் வழியாகவும் உடலில் சேரும். அதனால் விவரமறிந்தவர்கள் மஞ்சள் பாட்டிலைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறார்கள். எதை வாங்கினாலும் ஊற்றிவைக்கும் பாட்டில் குடிநீர் பாட்டில் போல இருக்கக் கூடாது என்பதில் கறாராக இருக்கிறார்கள். இருட்டில் தாகத்தோடு கை துழாவும்போது வடிவத்திலேயே வித்தியாசம் தெரிய வேண்டும்.

மாலை ஆறு மணி

இந்தப் பாதை நெடுகிலும் ஒரு நாள் நடைக்குள் ஒன்றாவது வரும்படி ஷெல்டர்கள் இருக்கின்றன. மூன்று பக்கம் மரச்சுவர், ஒரு பக்கம் திறந்தவெளி, மேலே கூரை, முன்னால் ஒரு மேஜை. மாலையில் அந்த மேஜையைச் சுற்றித்தான் அடுப்புக் கண்காட்சி நடக்கும். கேஸ் அடுப்புகள் விமானம்போல இரைய, ஸ்பிரிட் அடுப்புக்காரர் பக்கம் மட்டும் ஒரு சத்தமும் இருக்காது.

அவர் முதலில் செய்வது அளப்பது. அரை லிட்டர் தண்ணீருக்கு 25 மில்லி ஸ்பிரிட். இருமல் மருந்து பாட்டிலோடு வரும் அளவுக் குப்பிதான் கருவி. கூடுதலாக ஊற்றினால் வீண், குறைவாக ஊற்றினால் நூடுல்ஸ் வேகாது. அடுத்தது காற்றுத் தடுப்பு. அலுமினியத் தாளை மடித்து வளைத்துப் பாத்திரத்தைச் சுற்றி நிறுத்துவார், அடியில் மட்டும் காற்றுக்கு வழிவிட்டு. இந்தத் தாள் இல்லையென்றால் லேசான காற்றுக்கே சுடர் படுத்துவிடும். தாள் இருக்கும்போதே ஸ்பிரிட்டில் இருக்கும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் தண்ணீருக்குப் போகிறது.

குமிழி வந்ததும் நூடுல்ஸைப் போட்டு மூடி, பாத்திரத்தைத் தூக்கி ஒரு பஞ்சுறைக்குள் வைத்துவிடுவார். மிச்ச வேக்காட்டை அந்தச் சூடே பார்த்துக்கொள்ளும். தீயைக் குறைத்துச் சிம்மில் வைப்பதெல்லாம் இந்த அடுப்பில் நடக்காது. சாம்பார் வைக்கவோ சாதம் வடிக்கவோ நினைப்பவர்கள் வேறு அடுப்பு பார்க்கலாம். தண்ணீர் கொதிக்கும், அத்துடன் சரி.

பாதையின் மிக உயரமான இடம், கிரேட் ஸ்மோக்கி மலைத்தொடரில் 2,025 மீட்டரில் இருக்கும் குவோஹி சிகரம். கிளிங்மன்ஸ் டோம் என்ற பெயரை மாற்றி, செரோக்கி மக்கள் வைத்த பழைய பெயரை 2024-ல் திரும்பச் சூட்டினார்கள். ஏப்ரலில்கூட அங்கே பனி கொட்டும். உறைகுளிரில் ஸ்பிரிட் ஆவியாகாமல் முரண்டு பிடிக்கும், தீக்குச்சி தீக்குச்சியாகத் தீரும். அதனால் எரிபொருள் பாட்டிலைச் சட்டைக்குள் வைத்து உடம்புச் சூட்டில் கொஞ்ச நேரம் வைத்திருந்துதான் பற்றவைப்பார்கள். குளிருக்குப் பயந்து கூடாரத்துக்குள் அடுப்பேற்றுவது மட்டும் கூடவே கூடாது. தீ ஒரு பயம் என்றால், மூடிய இடத்தில் சேரும் கார்பன் மோனாக்சைடு இன்னொரு பயம்; அதற்கு வாசனையும் கிடையாது.

அணைக்கும் குமிழ் எங்கே?

ஷெல்டர் மேஜைகளை உற்றுப் பார்த்தால் கருகிய வட்டங்கள் தெரியும். இந்த அடுப்புகள் விட்டுப்போன முத்திரை அது. பத்து கிராம் அடுப்பு, கை பட்டால் உருளும், காற்றடித்தால் நகரும். உள்ளே இருப்பது திரவம். கவிழ்ந்தால் எரிந்துகொண்டே ஓடும்.

பெரிய ஆபத்து, ஸ்பிரிட் சுடர் வெயிலில் கண்ணுக்கே தெரியாது என்பதுதான். அணைந்துவிட்டது என்று நினைத்து, எரியும் அடுப்பில் பாட்டிலிலிருந்து நேராக ஊற்றியவர்கள் தீக்காயம் பட்டிருக்கிறார்கள். தீ அந்தத் தாரையைப் பிடித்துக்கொண்டு பாட்டிலுக்கே ஏறும். அணைந்ததா என்று பார்க்க மேலே உயரத்தில் கையை நீட்டிச் சூடு வருகிறதா என்று சோதிக்க வேண்டும். நன்றாக ஆறிய பிறகே மறுபடி ஊற்ற வேண்டும். அவசரமாக அணைக்க இதில் குமிழ் கிடையாது. சற்றுப் பெரிய டப்பாவை மேலே கவிழ்த்து மூச்சை அடைக்க வேண்டும். அந்த டப்பாவை அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பவரை அனுபவசாலி என்று நம்பலாம்.

அப்பலாச்சியன் காடு ஈரமான காடு. கோடையில் இலைகள் கூரை மூடி, பாதையே பச்சைச் சுரங்கம் போல் இருக்கும். சின்னத் தவறுகளை அது பல நேரம் மன்னித்துவிடும். மேற்கே அந்தக் கருணை இல்லை. 2012 மே மாதம் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸ் நகருக்கு அருகே ஹியூலெட் பள்ளத்தாக்கில் ஒருவர் ஸ்பிரிட் அடுப்பைப் பற்றவைத்தார். காற்று தட்டிவிட்டது, காய்ந்த புல்லில் தீ பிடித்தது. 7,600 ஏக்கருக்கும் மேல் எரிந்தது. மலைச்சரிவில் காய்ந்த புல் எரியும் வேகம் என்னவென்று 2018 மார்ச்சில் குரங்கணி நமக்குக் காட்டியிருக்கிறது. அங்கே தீக்குக் காரணம் அடுப்பு அல்ல. ஆனால் புல் ஒன்றுதான்.

அதனால் மேற்கு மாநிலங்களின் காடுகளில் வறண்ட மாதங்களில் விதி வரும்போது, பெரும்பாலும் ஒரே ஒரு கேள்விதான் கேட்கப்படும்: அடுப்பை உடனே அணைக்க வால்வு இருக்கிறதா? கேஸ் அடுப்புக்கு அனுமதி, கேன் அடுப்புக்குத் தடை. அமெரிக்கச் சாரணர் இயக்கமும் வீட்டில் செய்த ஸ்பிரிட் அடுப்புகளைத் தன் முகாம்களில் அனுமதிப்பதில்லை. ‘கவனமாக இருந்தால் எதுவும் ஆகாது’ என்று பழைய ஆட்கள் முணுமுணுப்பது உண்டு. நாள் முழுக்க நடந்து கைகால் நடுங்கும் மாலை நேரத்தில் எத்தனை பேர் கவனமாக இருக்கிறார்கள் என்று பார்த்தால், விதி போட்டவர்கள் பக்கம்தான் நியாயம். நம்மூர்க் காப்புக்காடுகளில் தீ மூட்டுவதே சட்டப்படி தடை. எனவே இதைப் படித்துவிட்டு மேற்குத் தொடர்ச்சி மலைக்கு டப்பாவோடு யாரும் கிளம்ப வேண்டாம். வீட்டில் செய்து பார்க்கும் ஆசை குழந்தைகளுக்கு வந்தால், திறந்தவெளியில், சிமென்ட் தரையில், பெரியவர்கள் பற்றவைக்கட்டும்.

இப்போதெல்லாம் சின்ன கேஸ் பர்னர்கள் 75, 80 கிராமில் வந்துவிட்டன. சிலர் அடுப்பையே தூக்கிப்போட்டுவிட்டு, மூடி திருகும் டப்பாவில் நூடுல்ஸைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்தே சாப்பிடுகிறார்கள். மழை நாளில் அதைப் பார்க்கவே பாவமாக இருக்கும். கேன் அடுப்புக்காரர்கள் குறைந்திருக்கிறார்கள். ஆனாலும் விட்டபாடில்லை.

அவர்களுக்குக் கடைசிச் சோதனை மெய்ன் மாநிலத்தில். மான்ஸன் என்ற ஊரைத் தாண்டினால் அபோல் பிரிட்ஜ் வரை சுமார் 160 கிலோமீட்டருக்கு ஊரே கிடையாது. ‘நூறு மைல் வனாந்தரம்’ என்றே பெயர். பத்து நாள் உணவு இல்லாமல் உள்ளே நுழையாதீர்கள் என்று எச்சரிக்கைப் பலகை இருக்கிறது. பத்து நாள், தினம் இரண்டு வேளை, வேளைக்கு 25 மில்லி என்றால் அரை லிட்டர் ஸ்பிரிட். அதன் எடை 400 கிராம். இத்தனை மாதம் கொண்டாடிய எடை லாபம் இங்கே ஏறக்குறைய மறைந்துபோகிறது. நடுத்தர அளவு கேஸ் சிலிண்டரும் பர்னரும் சேர்ந்தாலே 450 கிராம்தான். மான்ஸனில் உட்கார்ந்து பையை அடுக்கும்போது மறுபடி கணக்குப் போடுகிறார்கள். காலை காபியை விட்டுவிட்டால் கால் லிட்டர் போதும். பலர் விடுவதில்லை.